ஆல்பகோடாவுடன் குழம்பு, பன்னீருடன் முரப்பா... ஈரான் அடுக்களையில் கேரட் செய்யும் மாயம்!

கேரட் வாங்கிவந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பொடியாக நறுக்கினால் பொரியல், பெரிதாக நறுக்கினால் சாம்பார், துருவினால் சாலட். ஞாயிற்றுக்கிழமை வெஜிடபிள் பிரியாணியில் பீன்ஸ், பட்டாணியோடு கூட்டத்தில் ஒன்றாக நிற்கும். யாருக்காவது மனசு வந்தால் எப்போதாவது அல்வா. அவ்வளவுதான்.

ஈரானில் கதையே வேறு. அங்கே கேரட் காலையில் முரப்பாவாக ரொட்டியின் மேல் ஏறும். மதியம் சோற்றுக்கு நடுவே அடுக்காக உட்காரும். புளிப்பான உலர் பழங்களோடு சேர்ந்து இறைச்சிக் குழம்பாகும். மாலையில் ஜூஸ் கடையில் ஐஸ்க்ரீமைச் சுமந்துகொண்டு கண்ணாடி டம்ளரில் வரும். கல்யாண வீட்டில் பிஸ்தா, பாதாம், குங்குமப்பூவுக்குச் சமமாகத் தட்டின் உச்சியில் மின்னும்.

காரணம் எளிமையானது. நாம் கேரட்டை ஒரு காயாகப் பார்க்கிறோம். ஈரானியச் சமையல் அதை இனிப்பு தரும் பொருளாகப் பார்க்கிறது. விலை உயர்ந்த பொருள்கள் செய்யும் வேலையை இந்த மலிவான கிழங்கிடமிருந்தே வாங்கிவிடுகிறார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போகும் இன்றைய ஈரானில் அந்தக் கைப்பக்குவத்துக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

மஞ்சளாகப் போய் ஆரஞ்சாகத் திரும்பியது!

கேரட்டின் பூர்வீகம் ஈரான், ஆப்கானிஸ்தான், அவற்றை ஒட்டிய நடு ஆசியப் பகுதிகள். காட்டுக் கேரட்டின் வேர் வெளுத்து, மெலிந்து, நாராக இருக்கும். அதைப் பல தலைமுறை உழவர்கள் தேர்ந்தெடுத்து விதைத்து, தின்னத் தகுந்த கிழங்காக மாற்றினார்கள். சுமார் 10-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் ஊதா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் கேரட் பயிரானது. 2016-ல் கேரட்டின் மரபணுத் தொகுப்பு முழுமையாக வெளியானபோது, அந்த ஆய்வும் அதன் வேரை நடு ஆசியப் பக்கமே காட்டியது.

அங்கிருந்து அது இரண்டு திசையில் பயணம் போனது. மேற்கே அரபு நாடுகள் வழியாக 12-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் வரை சென்றுவிட்டது. கிழக்கே சீனாவுக்குப் போனது. சீனர்கள் இன்றும் கேரட்டை `ஹு லுவோபோ' என்றே அழைக்கிறார்கள். `ஹு' என்பது தங்கள் நாட்டுக்கு மேற்கிலும் வடக்கிலும் வாழ்ந்த அயலாரைக் குறிக்க அவர்கள் பயன்படுத்திய பழைய சொல். `லுவோபோ' என்றால் முள்ளங்கி. ஆக, `அயலார் முள்ளங்கி'!

பாரசீக மொழியில் கேரட்டுக்கு இரண்டு பழைய பெயர்கள் உண்டு. ஒன்று `கஸர்'. அரபியில் வழங்கும் `ஜஸர்', இந்தியில் வழங்கும் `காஜர்' எல்லாம் இதன் உறவுச் சொற்கள். இன்னொன்று `ஸர்தக்'. `ஸர்த்' என்றால் மஞ்சள். `ஸர்தக்' என்பது `சின்ன மஞ்சள்' என்று செல்லமாக அழைப்பது மாதிரி.

இன்று உலகம் முழுக்க விற்கும் ஆரஞ்சுக் கேரட், 17-ம் நூற்றாண்டு நெதர்லாந்தில் வேரூன்றிய ரகம். அது ஈரானுக்கு வந்தபோது மக்கள் அதற்கு வைத்த பெயர், `ஹவீஜே ஃபரங்கி'. `ஹவீஜ்' என்றால் கேரட். `ஃபரங்கி' என்றால் ஐரோப்பியர். நம் ஊர் பரங்கிக்காயிலும் பரங்கிப்பேட்டையிலும் இருக்கும் அதே `பரங்கி'தான். சொந்த வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய் நிறம் மாறித் திரும்பி வந்தால் விருந்தாளி என்று நினைத்துவிடுவது போல, கேரட்டின் தாய்மண்ணே அதை `வெளிநாட்டுக் கேரட்' என்று கூப்பிட்டது.

இப்போது ஈரானில் `ஹவீஜ்' என்றாலே ஆரஞ்சு நிறம்தான் நினைவுக்கு வரும். மஞ்சள் ஸர்தக், சில ஊர்களின் சந்தையோடு சுருங்கிவிட்டது. சமையலறையில் ஒரு ரகத்தைத் தேடுவது நின்றுபோனால் உழவர் அதை விதைப்பதும் நின்றுபோகும். நம் ஊரில் பாரம்பர்ய அரிசி ரகங்களுக்கு நேர்ந்தது இதுவேதான். அதனால் ஸர்தக்கில் குழம்பும் சாறும் செய்யும் வீடுகள், தங்களை அறியாமலே ஆயிரம் ஆண்டுப் பயிர் ஒன்றை உயிரோடு வைத்திருக்கின்றன.

இனிப்புக்குப் பக்கத்தில் ஒரு புளிப்பு

ஈரானியச் சமையலில் ஒரு பழைய கணக்கு உண்டு. உணவுகளை `கர்ம்', `ஸர்த்' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கர்ம் என்றால் சூடு. இந்த ஸர்த் மஞ்சளைக் குறிக்கும் ஸர்த் அல்ல. உச்சரிப்பில் சின்ன வித்தியாசம் கொண்ட வேறு சொல், `குளிர்ச்சி' என்று பொருள். நம் பாட்டிகள் மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று சொல்வதைப் போலத்தான். அடுப்பின் வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பில் ஏற்படும் தன்மையைச் சொல்கிறார்கள். கேரட் அவர்கள் கணக்கில் சூட்டுப் பக்கம் வரும். அதற்கு ஈடுகட்ட, புளிப்பான ஒன்றைப் பக்கத்தில் வைப்பார்கள்.

மருத்துவக் கணக்கை விடுங்கள், நாக்குக்கும் இந்தச் சேர்க்கை பிடிக்கும். கேரட்டின் இனிப்பு தனியாக இருந்தால் நாலாவது வாயில் திகட்டும். புளிப்பு கூட இருந்தால் திகட்டாது.

இதற்கு நல்ல உதாரணம், `கோரெஷே ஹவீஜ்' என்ற கேரட் குழம்பு. ஈரானின் வடமேற்கில் தப்ரீஸ் நகரைச் சுற்றியுள்ள அஸர்பைஜான் பகுதியின் வீட்டுச் சமையலில் இதற்குத் தனி இடம் உண்டு. அங்கே பேசப்படும் அஸெரி மொழியில் கேரட்டின் பெயர் `யெர்கோகு'. மண்ணின் வேர் என்று அர்த்தம்.

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, ஆட்டுக்கறியைச் சேர்த்து மெல்லிய தீயில் வேகவைப்பார்கள். கறி வெந்துகொண்டிருக்கும்போது, விரல் நீளக் கேரட் துண்டுகளைத் தனியே வாணலியில் வதக்கி அதில் சேர்ப்பார்கள். பிறகு, உலர்ந்த `ஆலூ புகாரா' பழங்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் `ஆல்பகோடா' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதுதான். `ஆலூ' என்றால் பிளம்ஸ் பழம். உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரின் பெயர் அதோடு சேர்ந்து, தமிழ்நாட்டுக் கடை வரை வந்து `ஆல்பகோடா' ஆகிவிட்டது.

கறியின் சாறு, கேரட்டின் இனிப்பு, பழத்தின் புளிப்பு மூன்றும் கலந்து குழம்பு கெட்டியாகும். மிளகாய்த்தூள் கிடையாது. காரத்துக்குக் கொஞ்சம் மிளகு, வாசனைக்குக் கொஞ்சம் குங்குமப்பூ. வெள்ளைச் சோற்றோடு பரிமாறுவார்கள்.

வெட்டும் கையிலும் வதக்கும் கையிலும் இருக்கிறது சூட்சுமம்

கேரட்டில் ஏறத்தாழ 88 சதவிகிதம் தண்ணீர். அதை அப்படியே சோற்றுக்குள் போட்டால் தண்ணீர் விட்டு, சோறு குழைந்துவிடும். அதனால் ஈரானியச் சமையலில் கேரட் பெரும்பாலும் நேரடியாகப் பானைக்குள் போகாது. முதலில் தீக்குச்சி போல மெல்லிசாக, ஒரே அளவாக நறுக்குவார்கள். பிறகு எண்ணெயிலோ வெண்ணெயிலோ, தண்ணீர் வற்றி ஓரங்கள் லேசாக நிறம் மாறும் வரை வதக்குவார்கள்.

இதில் இரண்டு லாபம். தண்ணீர் போகப் போக இனிப்பு திரண்டு நிற்கும். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும் சத்து என்பதால், எண்ணெயோடு சேரும்போது உடம்பு அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். நிறமும் எண்ணெயில் இறங்கி, சோற்றுக்குப் பொன் சாயல் கொடுக்கும்.

அடுத்த சூட்சுமம், சோறு. அரிசியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நிறைய தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துவிடுவார்கள். பிறகு, பானையில் சோறு ஓர் அடுக்கு, கேரட் ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிக் கூம்பாகக் குவிப்பார்கள். மூடியைத் துணியால் சுற்றிப் பானையை மூடுவார்கள். மேலே எழும் ஆவியைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். நீர்த்துளி சோற்றில் சொட்டாது. உதிரி உதிரியாக வேகும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், `தம்'. பாரசீக மொழியில் மூச்சு, ஆவி என்று பொருள். நம் ஊர் போர்டுகளில் பெரிய எழுத்தில் மின்னும் `தம் பிரியாணி'யின் தம் இதுவே.

கல்யாணச் சோறும் வாரநாள் சோறும்

ஈரானியக் கல்யாண விருந்துகளில் மரியாதையான இடம், `ஜவாஹேர் போலோ'வுக்கு. ஜவாஹேர் என்றால் நகைகள், மணிகள். போலோ என்பது நம் புலாவின் உறவுக்காரர். வெள்ளை வெளேரென்ற சோற்றின் மேல் பச்சைப் பிஸ்தா சீவல், வெள்ளைப் பாதாம் சீவல், மாணிக்கச் சிவப்பில் `ஸெரெஷ்க்' என்ற புளிப்பான சின்னஞ்சிறு உலர் பழம், குங்குமப்பூவில் ஊறிய மஞ்சள் சோறு. இவற்றோடு சர்க்கரைப் பாகில் வெந்த கேரட் சீவலும் ஆரஞ்சுத் தோல் சீவலும் சேரும்.

ஆரஞ்சுத் தோல் கசக்கும். அதனால், தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிப்பதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே பாகில் போடுவார்கள். இதற்கு எடுப்பது `நாரெஞ்ச்' என்ற புளிப்பு ஆரஞ்சின் தோல். நம் நாரத்தையை நினைவூட்டும் இந்தச் சொல்லுக்கு மூலம் தென்னிந்திய மொழிகள் என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. புதுமணத் தம்பதியின் வாழ்க்கை இனிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சோற்றில் இத்தனை இனிப்பு.

அந்தத் தட்டில் இருக்கும் குங்குமப்பூ, ஈரானின் கிழக்கே கொராசான் பகுதியில் விளைவது. உலகக் குங்குமப்பூவில் பெரும்பங்கு ஈரானுடையது. ஆனாலும் அது அங்கேயும் விலை உயர்ந்த பொருள்தான். பிஸ்தாவும் அப்படியே. அந்தத் தட்டிலேயே மலிவானது எது என்று பார்த்தால், கேரட். ஆனால், கண்ணுக்கு அது தங்கம் போலத்தான் தெரியும்.

வாரநாள்களில் இதே கேரட், `ஹவீஜ் போலோ' ஆகிறது. பிஸ்தா இல்லை, ஆரஞ்சுத் தோல் இல்லை. வதக்கிய கேரட், கொஞ்சம் பட்டை, சீரகம், சோறு. கூடவே சிக்கன் துண்டுகளோ, கோலிக்குண்டு அளவில் உருட்டிய கொத்துக்கறி உருண்டைகளோ. உருண்டைகள் ஏன் அவ்வளவு சின்னது? கால் கிலோ கறியை உருட்டினாலும் வீட்டில் எல்லோர் தட்டுக்கும் நாலைந்து கிடைக்கும். மீதியைக் கேரட் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கனம் இன்று வெறும் பழக்கம் அல்ல. தடைகளாலும் நாணய மதிப்பின் சரிவாலும், 2019 முதல் ஈரானில் விலைவாசி ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கும் மேல் ஏறிவந்திருக்கிறது. ஆட்டுக்கறி பல குடும்பங்களுக்கு மாதச் செலவில் யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. சம்பளம் ஏறும் வேகத்தைவிட சந்தை விலை ஏறும் வேகம் அதிகமாக இருக்கும்போது, முதலில் கைவைக்கப்படுவது குடும்பத்தின் சாப்பாட்டுத் தட்டில்தான். அப்போது கறியைக் குறைத்தும் மேசையின் மரியாதை குறையாமல் காப்பாற்றுவது, ஹவீஜ் போலோ போன்ற பழைய வீட்டுச் சமையல்தான். பிள்ளைகள் கறி குறைந்ததைக் கவனிப்பதற்குள், இனிப்பும் பட்டை வாசனையும் தட்டைக் காலியாக்கிவிடும்.

நாட்டைவிட்டுப் போனவர்களுக்கும் இது ஊர் ருசி. 1979-ம் ஆண்டுப் புரட்சியை ஒட்டி ஏராளமான ஈரானியர்கள் அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான நஜ்மியே பத்மங்லிஜ், 1986-ல் ஈரானியச் சமையல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஈரானுக்குள் ரோஸா மொந்தஸெமியின் சமையல் நூல் எப்படி வீட்டுக்கு வீடு இருந்ததோ, அப்படி வெளிநாட்டில் பிறந்த ஈரானியப் பிள்ளைகளுக்கு இந்த நூல் கைகொடுத்தது. ஸெரெஷ்க்கும் நாரெஞ்சும் கிடைக்காத ஊரிலும் கேரட் கிடைக்கும். அதுவும் அரிசியும் இருந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் ஊர் வாசனை வீசும்.

காலை மேசையிலிருந்து ஜூஸ் கடை வரை

ஈரானியக் காலை உணவு எளிமையானது. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கண்ணாடி டம்ளரில் பால் சேர்க்காத தேநீர். இவற்றோடு ஒரு கிண்ணத்தில் `மொரப்பாயே ஹவீஜ்', அதாவது கேரட் முரப்பா. ஆமாம், நம் இஞ்சி முரப்பாவின் அதே முரப்பா! சொல் ஒன்று, பக்குவம் வேறு. நாம் இஞ்சியைப் பாகில் கிளறி வில்லை போடுவோம். அவர்கள் கேரட் சீவலைச் சர்க்கரைப் பாகில், கண்ணாடி போல் பளபளக்கும் வரை வேகவைத்து ஜாம் பதத்தில் நிறுத்துவார்கள். இறக்கும் முன் ஏலக்காய், எலுமிச்சைச் சாறு, பன்னீர் சேர்ப்பார்கள்.

பன்னீர் என்றால் நம் கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பது. அங்கே அது சமையல் பொருள். காஷான் நகருக்கு அருகே உள்ள கம்ஸர் ஊரில், வசந்த காலத்தில் ரோஜா பூத்ததும் பெரிய செப்புப் பாத்திரங்களில் பன்னீர் காய்ச்சி வடிப்பது ஒரு திருவிழா போலவே நடக்கும்.

அல்வாவும் உண்டு. வட இந்தியக் காஜர் அல்வா பாலில் சுண்டுவது. ஈரானிய `ஹல்வாயே ஹவீஜ்' பெரும்பாலும் மாவில் நிற்பது. மாவை வெண்ணெயில் வாசனை வரும்வரை வறுத்து, வேகவைத்து மசித்த கேரட், சர்க்கரை, குங்குமப்பூ, பன்னீர் சேர்த்துக் கிளறுவார்கள். தட்டில் பரப்பி, கரண்டி முதுகால் கோலம் போல வரிகள் போட்டு, மேலே பிஸ்தா தூவுவார்கள்.

இலையுதிர் காலம் வந்தால் ஊறுகாய் வேலை. காலிஃபிளவர், செலரி, பூண்டோடு கேரட்டையும் வினிகரில் ஊறப்போட்டால் `தோர்ஷி'. உப்புத் தண்ணீரில் போட்டால் `ஷூர்'. எண்ணெயும் மிளகாய்த்தூளும் மிதக்கும் நம் ஊறுகாய் போல் இல்லாமல், கடித்தால் நறுக்கென்று சத்தம் கேட்கும்.

கோடையில் டெஹ்ரான் ஜூஸ் கடைகளில் இளவட்டங்கள் கேட்பது `ஆபே ஹவீஜ் பஸ்தனி'. ஆப் என்றால் தண்ணீர், சாறு. பஸ்தனி என்றால் ஐஸ்க்ரீம். புதிதாகப் பிழிந்த கேரட் சாற்றில் குங்குமப்பூ, பன்னீர் வாசனை உள்ள மஞ்சள் ஐஸ்க்ரீமை ஒரு கரண்டி போட்டுக் கொடுப்பார்கள். ஐஸ்க்ரீம் கரையக் கரைய, கேரட் சாற்றின் மண்வாசனை மறைந்து பாயசம் போலாகிவிடும்.

நம் வீட்டில் ஹவீஜ் போலோ: 4 பேருக்கு

தேவையானவை: பாஸ்மதி அரிசி 2 கப், கேரட் அரை கிலோ, எலும்பில்லாத சிக்கன் 400 கிராம், பெரிய வெங்காயம் 2, உருளைக்கிழங்கு 1, சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், குங்குமப்பூ ஒரு சிட்டிகை, எலுமிச்சை பாதி மூடி, நெய்யும் எண்ணெயும் சேர்த்து 6 டேபிள்ஸ்பூன், தேவைக்கேற்ப உப்பு.

1. அரிசியைக் கழுவி, உப்பு சேர்த்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கவும். குங்குமப்பூவைச் சிட்டிகை சர்க்கரையோடு பொடித்து, 3 டேபிள்ஸ்பூன் வெந்நீரில் போட்டு மூடிவைக்கவும்.

2. வெங்காயத்தை வதக்கி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, சிக்கன் சேர்த்துக் கால் டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைக்கவும். கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழியவும். குழம்பு போல இல்லாமல் சுண்டியிருக்க வேண்டும்.

3. கேரட்டைத் தீக்குச்சி போல நறுக்கி, 2 டேபிள்ஸ்பூன் நெய்யில் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடங்கள் வதக்கவும். சர்க்கரை, சீரகம், பட்டைத்தூள் சேர்த்து ஒரு புரட்டு புரட்டி இறக்கவும்.

4. பெரிய பாத்திரத்தில் நிறைய தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்பு போட்டு, அரிசியைச் சேர்க்கவும். 6 நிமிடங்களுக்குப் பிறகு ஒரு பருக்கையை எடுத்துக் கடித்துப் பார்க்கவும். வெளியே மெத்தென்றும் நடுவில் சற்று உறுதியாகவும் இருந்தால் உடனே வடிக்கவும்.

5. அடிகனமான பாத்திரத்தில் மீதி நெய், எண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு, வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கைப் பரப்பவும். அதன் மேல் சோறு, கேரட், சிக்கன், மறுபடி சோறு என்று கூம்பாக அடுக்கவும். கரண்டிக் காம்பால் நாலைந்து துளைகள் போட்டு ஆவிக்கு வழிவிடவும். குங்குமப்பூத் தண்ணீரை மேலே தெளிக்கவும்.

6. மூடியைச் சுத்தமான துணியால் சுற்றி, துணியின் முனைகள் தீயில் படாதவாறு மேலே முடிந்துவிட்டு மூடவும். மிதமான தீயில் 10 நிமிடங்கள், பிறகு மிகக் குறைந்த தீயில் 40 நிமிடங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சிக்கனுக்குப் பதிலாக வேகவைத்த கொண்டைக்கடலையை வெங்காயத்தோடு வதக்கிச் சேர்க்கலாம். வீட்டில் ஆல்பகோடா இருந்தால், கொட்டை நீக்கி நாலைந்தை வெந்நீரில் ஊறவைத்துக் கேரட் அடுக்கில் போடலாம். அப்போது எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையை அடியோடு விட்டுவிடலாம். நன்றாக வதக்கிய கேரட்டின் இனிப்பே போதும். தொட்டுக்கொள்ள, கெட்டித் தயிர்.

இறக்கியதும் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் வையுங்கள். அடியில் பிடித்திருக்கும் உருளைக்கிழங்கு, தோசை முறுகல் போல மொறுமொறுவென்று பிரிந்து வரும். அதன் பெயர் `தஹ்திக்', அதாவது பானையின் அடி. சோற்றைத் தட்டில் குவித்துவிட்டு, இதைத் தனித் தட்டில் உடைத்துவையுங்கள். ஈரானிய வீடுகளில் விருந்தாளிக்கு முதலில் நீட்டப்படுவது அந்தத் தட்டு. விருந்தாளி இல்லாத நாளில், அதற்குப் பிள்ளைகளிடையே சண்டையே நடக்கும்.